நான்காம் படிக்குக் கீழே

பாலக்கரை, திருச்சி
4-1-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். தினமும் உங்களையும் என்னையும் பார்க்கிற மச்சான் இருக்கும்போது அது எதற்கு? இந்தக் கடிதத்துக்கும் தபால்தலை கிடையாது. மச்சானின் சட்டைப் பைதான் தபால்பெட்டி. தான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை மூடியதும் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "என்ன மாப்ளே, உங்க அக்காளுக்குத் தபால் இருக்கா?" என்று கேட்கிறார். ஸ்ரீரங்கம் போகும் வழியில் பஸ்ஸிலேயே பிரித்துப் படித்துவிடுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். மச்சான், இந்த வரியையும் படித்திருப்பீர்கள். வணக்கம்.

விஷயம் இதுதான். மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில். போன மாதம் அங்கே வேலை செய்யும் இருளாயி என்கிற பெண்ணின் முந்தானை பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. நல்லவேளையாகச் சேலை கிழிந்து ஆள் தப்பியது. முதலாளி பயந்துபோய் போர்டு எழுதித் தரச் சொல்கிறார். 'எந்திரம் ஓடுகிறது, கவனமாக இருக்கவும்' என்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்துவிட்டார். எனக்கு அது சப்பென்று இருக்கிறது. கவனம் போடுவதா, ஜாக்கிரதை போடுவதா, எச்சரிக்கை போடுவதா? மூன்றும் ஒன்றுதானே என்கிறார் அவர். ஒன்றுதானா?

ஐந்தாம் வகுப்போடு பிரஷ் பிடிக்கப் போனவன் நான். 'விற்பனை'யை 'விர்ப்பனை' என்று எழுதி, பெரிய கடை வீதி முழுக்கச் சிரித்த நாளிலிருந்து உங்களைக் கேட்காமல் ஒரு போர்டும் என் கடையை விட்டுப் போனதில்லை. சீக்கிரம் சொல்லுங்கள். தகரத்தில் அடித்த வெள்ளை காய்ந்துவிட்டது.

தம்பி,
பிலோமின்ராஜ்


ஸ்ரீரங்கம்
6-1-1978

அன்புள்ள பிலோமினுக்கு,

உன் மச்சான் பஸ்ஸில் படித்தது உண்மை. வீட்டுக்குள் நுழையும்போதே, "இருளாயிக்கு என்ன எழுதப் போறே?" என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் நாற்பத்தெட்டு மேசையில் கிடக்கின்றன. அதற்கு நடுவில் உன் மில் வேறு.

மூன்றும் ஒன்றல்ல. கவனம் என்பது வகுப்பில் நான் கேட்பது. உடம்பு பெஞ்சில் இருக்கிறது, மனசையும் கொண்டுவந்து இங்கே வை என்று அர்த்தம். ஆபத்து இருக்க வேண்டும் என்கிற கட்டாயம் அதில் இல்லை. ஜாக்கிரதைக்குள் ஒரு திருடனோ ஒரு நாயோ ஒளிந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பிக்பாக்கெட் ஜாக்கிரதை என்று நீதானே எழுதினாய்? எச்சரிக்கை இந்த இரண்டுக்கும் மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. ராஜா வரும்போது கட்டியக்காரன் கத்திய சொல். இன்றைக்கு சர்க்கார் கத்துகிறது.

ஆனால் நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு. இருளாயிக்குப் படிக்கத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். யாராவது உரக்கப் படித்துக் காட்டுவார்கள். காதில் விழுந்ததும் கை தானாக இடுப்புக்குப் போக வேண்டும். அதனால் இப்படி எழுது: 'முந்தானையைச் செருகு. துண்டை இறுக்கிக் கட்டு. பிறகு உள்ளே வா.' கவனமும் வேண்டாம், எச்சரிக்கையும் வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும்.

முதலாளி மரியாதை இல்லை என்பார். உள்ளே வரவும் என்று மாற்றிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் வீட்டுக்கு வருகிறோம். உன் மருமகள் ரோசரிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது. மாமா கடைக்குப் போகவேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். பெயிண்ட் டப்பாவைத் தொட விடாதே.

அக்கா,
இருதயமேரி


பாலக்கரை
12-1-1978

அன்புள்ள அக்காவுக்கு,

மில் முதலாளிக்குப் போர்டு பிடித்துவிட்டது. இருளாயி அதை மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி மற்ற பெண்களை மிரட்டுகிறதாம். எல்லாம் உங்கள் புண்ணியம்.

இப்போது பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி மாந்தோப்புப் படித்துறை இருக்கிறதே, அதற்கு. நவம்பர் வெள்ளம் அங்கே அடிமண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டதாம். மேலே நின்று பார்த்தால் படிகள் எப்போதும் போல இருக்கின்றன. கீழே இறங்கினால் திடீரென்று கால் வைக்க இடம் இல்லை, பனைமர ஆழம் என்கிறார்கள். போன வாரம் ஒரு கிழவர் வழுக்கி விழுந்துவிட்டார். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். முனிசிபல் ஆபீஸிலிருந்து ஓவர்சீயர் அழகிரி வந்து போர்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

மேலே ஒரே ஒரு பெரிய சொல். சிவப்பில், ஒரு முழ உயரத்தில். கீழே இரண்டு வரி சின்ன எழுத்து. பெரிய சொல்லுக்கு அழகிரி சொன்னது 'கவனம்'. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என் கை அதை எழுத மாட்டேன் என்கிறது. ஆற்றுக்குப் போகிறவனைப் பார்த்து, மனசை இங்கே வை என்றா சொல்வது? நான் 'எச்சரிக்கை' என்றேன். "அதெல்லாம் ஜனங்களைப் பயமுறுத்தும்யா, கோயிலுக்கு வர்ற ஊரு" என்கிறார். பயப்படத்தானே போர்டு?

அவசரம் என்கிறார். ஆனால் அவசரத்தில் தப்பாக எழுதி நட்டுவிட்டால் பத்து வருஷம் அது அங்கேயே நிற்கும். நீங்கள் சொல்லும்வரை மேல் பகுதியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

பிலோமின்


ஸ்ரீரங்கம்
17-1-1978

அன்புள்ள பிலோமினுக்கு,

பொங்கல் விடுமுறை என்பதால் பதில் தாமதம். நேற்று நானும் உன் மச்சானும் அந்தப் படித்துறைப் பக்கமே நடந்து போய்ப் பார்த்தோம். தண்ணீர் பார்க்க ரொம்ப சாதுவாக இருக்கிறது. ஒரு பெண் பித்தளைக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே பள்ளம் என்றேன். "தெரியும் டீச்சர், நான் இறங்க மாட்டேன்" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு படி இறங்கிக் குடத்தை முக்கினாள்.

அதைப் பார்த்த பிறகு உன் பெரிய சொல்லைப் பற்றி நிறைய யோசித்தேன். பத்திரம் என்பது நமக்குச் சொந்தமானதற்குச் சொல்வது. நகையைப் பத்திரமாக வை என்கிறோம், பிள்ளையிடம் பத்திரமாகப் போய்வா என்கிறோம். ஊர் பேர் தெரியாதவனுக்கு அதைப் போர்டில் எழுத முடியாது. நிதானம் குடிகாரனுக்கும் லாரி டிரைவருக்கும். அபாயம் என்று மின்சாரக் கம்பத்தில் எழுதியிருக்கிறது. அங்கே ஜனங்கள் மண்டையோட்டுப் படத்தைத்தான் பார்க்கிறார்கள், சொல்லைப் படிப்பதில்லை. ஆற்றங்கரைத் தொட்டியத்தில் என் மாமியார் 'பதனம்' என்பார்கள். பதனமாப் போ, பதனமா இரு. அழகான சொல்தான், ஆனால் சொல்கிறவர்களின் கை நம் தோளில் இருக்க வேண்டும். தகரத்தில் எழுதினால் அது செத்துவிடும்.

உன் மச்சான், "இவ்வளவு ஆராய்ச்சி பண்ணி முடிக்கிறதுக்குள்ள ஆறே வத்திடும்" என்று கேலி செய்கிறார். மேட்டூர் அணையை மூட இன்னும் பத்துப் பதினோரு நாள்தானாம்.

என் தீர்ப்பைக் கேள். பெரிய சொல் 'இறங்காதீர்கள்'. அது போதும். ஆனால் அதைவிட முக்கியம் கீழே உள்ள சின்ன வரி. 'இங்கே ஆழம்' என்று மட்டும் எழுதினால் எவனும் நம்ப மாட்டான். எல்லோரும் அந்தக் குடக்காரியைப் போலத்தான், நமக்குத் தெரியும் என்று ஒரு படி கூடுதலாக இறங்குவார்கள். எத்தனையாவது படிக்குக் கீழே ஆழம் என்று எண்ணி எழுது. எண் இருந்தால்தான் மனிதன் நிற்பான். அழகிரியிடம் கேட்டு வாங்கு.

அக்கா


பாலக்கரை
19-1-1978

அன்புள்ள அக்காவுக்கு,

அழகிரியோடு இன்று பெரிய சண்டை. இறங்காதீர்கள் என்று எழுத ஆபீஸில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். படித்துறை என்றால் இறங்கத்தானே கட்டியது, இறங்காதே என்று ஆபீஸே எழுதினால் பத்திரிகைக்காரன் சிரிப்பான் என்கிறார். அவருக்குக் 'கவனம்' என்ற சொல்லை விட்டுவிட மனசில்லை. நான் விடுவதாக இல்லை. பெரிய எழுத்து உள்ள இடத்தைக் காலியாகவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் எதையாவது எழுதி நட்டாக வேண்டும் என்று கத்திவிட்டுப் போனார்.

எத்தனையாவது படி என்று கேட்டேன். மூன்று என்றார். கொஞ்சம் பொறுத்து நாலோ ஐந்தோ இருக்கும் என்றார். அவர் ஆற்றுக்குள் காலை வைக்கவே இல்லை என்று தெரிகிறது. தப்பான எண்ணை எழுதினால் எழுதாமல் இருப்பதைவிடப் பாவம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரோசரிக்குப் புதுப் பேனா ஒன்று மச்சானிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பரீட்சைக்கு அதைக் கொண்டுபோகட்டும்.

பிலோமின்


ஸ்ரீரங்கம்
25-2-1978

பிலோமினுக்கு,

முப்பதாம் நாள் பூசைக்கு நீ வந்து கோயில் வாசலில் மாமரத்தடியில் நின்றதைப் பார்த்தேன். உள்ளே வரவில்லை. வராததும் நல்லதுதான்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஜனவரி பன்னிரண்டாம் தேதி அந்தப் போர்டு உன்னிடம் வந்தது. இருபத்து மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலையில் ரோசரியின் அப்பா மாந்தோப்புப் படித்துறையில் முழுகிப் போனார். இடையில் பதினோரு நாள். ஒரு சொல்லுக்காகப் பதினோரு நாள் அந்தத் தகரத்தைக் கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாய். கவனம் என்றே எழுதித் தொலைத்திருந்தால் என்ன? மண்டையோடு வரைந்திருந்தால் என்ன? ஒன்றுமே எழுதாத தகரத்தை நட்டிருந்தாலும் வழியில் இடித்துக்கொண்டாவது ஒரு மனிதன் நின்றிருப்பானே!

அவர் ஆற்றில் பிறந்து வளர்ந்தவர், அவருக்கா இப்படி என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. ஐந்தாம் நாள் மேட்டூரை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் கோவணம் கட்டிய பையன்கள் மணலில் பந்து விளையாடுகிறார்கள்.

ரோசரி மாமா எங்கே என்று கேட்கிறாள். வேலையாக இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன். இனி எந்தப் போர்டுக்கும் என்னிடம் சொல் கேட்டு எழுதாதே. எங்கள் வீட்டுக்கும் வராதே.

இருதயமேரி


பாலக்கரை
3-3-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதியது அத்தனையும் சரி.

அன்று மதியமே அழகிரி கடைக்கு ஓடிவந்தார். "எது வேணாலும் எழுதுய்யா, இறங்காதீர்கள்னே எழுது, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். எழுதி எடுத்துக்கொண்டு போய் நானே குழி தோண்டி நட்டேன். சாவு வீட்டுக்கு அதற்குப் பிறகுதான் வந்தேன், பெயிண்ட் கையோடு. நீங்கள் என் கையைத்தான் பார்த்தீர்கள்.

உங்களிடம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இப்போது வேண்டாம். உங்களுக்கு இருக்கிற துக்கத்தில் அதையும் தூக்கிப் போட எனக்குத் தைரியம் இல்லை.

ரோசரியின் பரீட்சைக்கு வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பிலோமின்


பாலக்கரை
27-10-1978

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். போர்டுக்குச் சொல் கேட்டு இதை எழுதவில்லை. போர்டு எழுதுவதையே விட்டுவிட்டேன். யாராவது வந்து ஜாக்கிரதை, கவனம் என்று ஆரம்பித்தால் பிரஷைக் கீழே வைத்துவிடுகிறேன். கடையை மூடிவிட்டு இப்போது கல்லறைகளில் பேர் எழுதுகிறேன். கல்லறைத் திருநாள் வருகிறதல்லவா, ஊரே குருசுக்கு வெள்ளையடித்துப் பேரைப் புதுப்பிக்கிறது. பேரில் யோசிக்க ஒன்றும் இல்லை. பிறந்த தேதி, இறந்த தேதி. வீட்டார் சொல்வதை அப்படியே எழுதிவிட்டுப் போய்விடலாம்.

மச்சானின் குருசுக்கு நேற்று எழுதினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன். இரண்டாம் தேதி நீங்களும் ரோசரியும் வருவீர்கள். அன்று நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். நிம்மதியாக மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போங்கள்.

பிலோமின்


ஸ்ரீரங்கம்
4-11-1978

பிலோமினுக்கு,

குருசில் எழுத்து நன்றாக இருக்கிறது. இந்த முறை யாரையும் கேட்காமல், நாள் கடத்தாமல் எழுதியிருக்கிறாய்.

ரோசரி பாஸ் செய்துவிட்டாள். சொல்லவேண்டும் என்று தோன்றியது.

இருதயமேரி


பாலக்கரை
7-1-1985

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்துக் கிழித்துவிடாதீர்கள். ஒரே ஒரு தடவை படித்துவிட்டுப் பிறகு கிழியுங்கள்.

நேற்று இரண்டாவது பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். மூன்று ஞாயிறு வாசிப்பதில் முதல் ஓலை. மாப்பிள்ளை எங்கள் பங்குக்காரர், அடைக்கலராஜ். பெண், ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் காலஞ்சென்ற அற்புதசாமிக்கும் இருதயமேரிக்கும் பிறந்த ரோசரி. நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தேன். என் மருமகளுக்குக் கல்யாணம் என்று எனக்கு ஊரோடு சேர்ந்துதான் தெரிந்தது. அதில் வருத்தம் இல்லை. அதற்கு நான் தகுதியானவன்தான்.

ஓலையின் கடைசியில் எப்போதும் வாசிப்பதை வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. வாழ்நாளெல்லாம் கேட்ட வரி. நேற்று அது என்னைப் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. கல்யாணத்துக்குத் தடை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை தங்கமான பையன், நான் விசாரித்துவிட்டேன். ஆனால் தெரிந்ததை மறைத்து வைத்துக்கொண்டு அந்தக் கோயிலில் இன்னும் இரண்டு ஓலை கேட்க என்னால் முடியாது.

அன்றைக்கு எழுதிக் கிழித்ததை இப்போது எழுதுகிறேன். மச்சான் குளிக்கப் போய் முழுகவில்லை, அக்கா. நான்தான் அனுப்பினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்தார். வழக்கம் போல ஸ்டூலில் உட்கார்ந்தார். படி எண்ணிக்கை சரியாகத் தெரியவில்லை, அழகிரி உளறுகிறார் என்று புலம்பினேன். நானே ஞாயிற்றுக்கிழமை வந்து மூங்கிலை விட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன் என்றேன். சிரித்தார். "நீ பாலக்கரைக்காரன், உனக்குத் தொட்டித் தண்ணியே பயம். தொட்டியத்துக்காரன்கிட்ட ஆத்தை விடு மாப்ளே. திங்கக்கிழமை காலைல பஸ்ஸுக்கு முன்னாடி எண்ணிட்டு வந்து சொல்றேன்" என்றார். வேண்டாம் மச்சான் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சந்தோஷப்பட்டேன். "அப்ப எண்ணிட்டு வாங்க மச்சான், நான் நம்பருக்கு இடம் விட்டு வைக்கறேன்" என்றேன்.

படியில் அவர் சட்டையும் டிபன் கேரியரும் மடித்து வைத்தபடி இருந்ததாகச் சொன்னார்கள். மூங்கில் ஒன்று மிதந்ததாம். யாருக்கும் அது ஏன் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

போர்டு தாமதமானதற்காக நீங்கள் என்னைக் கோபித்தபோது அதை ஏற்றுக்கொண்டேன். சின்னக் குற்றத்தைத் தலையில் போட்டுக்கொண்டு பெரியதை ஒளித்துவைத்த திருடன் நான். அவர் அந்த இடத்து ஆழம் தெரியாமல் போய் விழுந்தவர் இல்லை. நம் கடிதங்களை எல்லாம் படித்தவர். போர்டு இருந்திருந்தாலும் அன்று இறங்கியிருப்பார், என்னுடைய எண்ணுக்காக.

போர்டில் 'நான்காம் படிக்குக் கீழே' என்று எழுதியிருக்கிறேன். அவரைத் தேடி இறங்கியவர்கள் சொல்லித்தான் அந்த எண் எனக்குத் தெரிந்தது.

ரோசரிக்குத் தாய்மாமன் சீர் செய்ய எனக்கு உரிமை கேட்டு எழுதவில்லை. உண்மை தெரிந்த பிறகு வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், அது நியாயமாக இருக்கும். இத்தனை வருஷம் சொன்னது பாதிதான் நியாயம்.

பிலோமின்ராஜ்


ஸ்ரீரங்கம்
12-1-1985

அன்புள்ள பிலோமினுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாண வேலை என்று ரோசரி நினைக்கிறாள்.

நீ அனுப்பித்தான் அவர் போனார் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

திங்கட்கிழமை காலை அவர் கொல்லையிலிருந்து கொடி கட்டுகிற மூங்கிலை எடுத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன். "உன் தம்பிக்குப் படி எண்ணணுமாம். அப்படியே பஸ்ஸுக்குப் போயிடறேன்" என்றார். நான் மேசையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். "பாத்துப் போங்க" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. எந்தச் சட்டை போட்டிருந்தார் என்பதே, அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

உனக்கு எத்தனை சொற்களுக்கு வியாக்கியானம் எழுதியிருப்பேன்! கவனத்துக்கும் எச்சரிக்கைக்கும் என்ன வித்தியாசம், பத்திரத்தை யாரிடம் சொல்லலாம், பதனத்துக்கு ஏன் கை தோளில் இருக்க வேண்டும். இருபது வருஷம் என்னோடு வாழ்ந்த மனுஷன் ஆழத்துக்குக் கிளம்பினபோது, பாத்து என்ற சொல்லை, பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பிள்ளையிடம் சொல்வது மாதிரி வாயால் மட்டும் சொன்னேன். வேண்டாம், போகாதீங்க என்று சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து மூங்கிலைப் பிடுங்கியிருக்கலாம். முந்தின வாரம்தான் அந்தத் தண்ணீரை இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டு வந்தோம். எனக்குத் தெரியாதா?

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை நீ உன் கடிதத்தில் எழுதவே இல்லை. எழுதாமல் விட்டாயா, நினைவில் இல்லையா? உனக்கு மறந்திருக்காது. எத்தனையாவது படி என்று எண்ணி எழுது என்று சொன்னது யார்? நான். எண் இருந்தால்தான் மனிதன் நிற்பான் என்று பெரிய மேதாவி மாதிரி எழுதினேன். உன் பெட்டியில் அந்தக் கடிதம் இருக்கும். பதினோரு நாள் என்று நான் உன்னைக் குத்தினபோது, அதை எடுத்து என் முகத்தில் நீ எறிந்திருக்கலாம். எறியவில்லை. ஏழு வருஷம் மாமரத்தடியிலேயே நின்றாய்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், எனக்கு யாராவது வேண்டியிருந்தது. காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, ரோசரிக்குச் சோறு பொங்கிப் போட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்று பாடம் நடத்த, எனக்கு உன்மேல் இருந்த கோபம்தான் ஊன்றுகோல். அதை விட்டால் என் கடிதமும் நிமிராத என் தலையும்தான் மிச்சம். அவற்றோடு ஒரு நாள்கூட என்னால் இருந்திருக்க முடியாது. நான் உனக்குச் செய்தது அநியாயம், தம்பி. வேறு நல்ல வார்த்தை தேடவில்லை.

ரோசரியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மாமாவைக் கூப்பிடுங்கம்மா. அவரு வரலைன்னா நான் தாலி கட்டிக்க மாட்டேன்" என்றாள். அப்பாவைப் போலவே பிடிவாதம்.

கல்யாணம் இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை, உங்கள் கோயிலில்தான். ஆனால் நீ அதற்கு முன்னால் இங்கே வர வேண்டும். இருபத்து மூன்றாம் தேதி அவர் பேருக்குப் பூசை வைத்திருக்கிறேன். முந்தின நாளே வந்துவிடு. மாமன் சீர் என்று கடைக்கு ஓடாதே. அவளுக்கு நீ வந்தால் போதும், எனக்கும்தான். மாற்றுத் துணி கொண்டு வா, ராத்திரி தங்கு.

பஸ் ஏறினால் இடது பக்கம் உட்காராதே. பாலத்தில் ஏறினதும் அந்தப் படித்துறை தெரியும், நீ நட்ட போர்டும் தெரியும். வலது பக்கம் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டு, பாலம் முடியும்வரை உன் கால் செருப்பைப் பார்த்துக்கொண்டு வா. நான் ஏழு வருஷமாக அப்படித்தான் போய் வருகிறேன். பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறேன்.

அக்கா